ஹென்லியில் மேரி பிளாண்டியின் ஆவியைப் பார்த்தவர்கள் யாராவது உண்டா?

பாத்திரக்காரன்:
மேரி பிளாண்டி கதையை இங்கே புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவின் கஞ்சியில் ஆர்சனிக் விஷம் கலந்த வக்கீல் மகள், 1752இல் தூக்கு. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கு இங்கிலாந்தின் ஹென்லியில், தேம்ஸ் ஆற்றோர பப் ஒன்றில் இரவு வேலை. கிச்சனைக் கழுவி மூடப் பன்னிரண்டு தாண்டிவிடும். நண்பனின் கார் பாலத்துக்கு அந்தப் பக்கம், பெர்க்‌ஷர் கரையில் நிற்கும். பாலத்தில் பாதி தூரம் போயிருப்பேன், எனக்கு முன்னால் ஒரு பெண். பாவாடையை இரண்டு கையாலும் அள்ளித் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போகிறாள். என் ஷூ சத்தம் கேட்கிறது, அவள் காலடி கேட்கவில்லை. அதுகூடப் பரவாயில்லை. அந்தக் கைகள்தான் மனதை விட்டுப் போகவில்லை. சேற்றில் இறங்குகிற மாதிரி பிடித்திருந்தாள், ரோடோ காய்ந்து கிடந்தது. பாலம் இறங்கி லிட்டில் ஏஞ்சல் என்கிற பழைய விடுதிப் பக்கம் திரும்பினாள். நான் போய்ப் பார்த்தால் ஆள் இல்லை.

அப்பா செத்த மறுநாள் கூட்டம் துரத்த, மேரி பாலத்தைக் கடந்து அந்த ஏஞ்சல் விடுதியில்தான் போய் ஒளிந்தாள் என்று அப்புறம்தான் ஒருவர் சொன்னார். பாவாடையை விரித்து நிறுத்தும் வளையம்கூட மாட்டாமல் வெளியே வந்ததாக அவளே கோர்ட்டில் சொல்லியிருக்கிறாள். வளையம் இல்லாவிட்டால் அந்தக் காலத்துப் பாவாடை தரையில் புரளும், கையால் தூக்கித்தான் ஆக வேண்டும். இது தெரிந்ததிலிருந்து அந்தப் பாலத்தில் தனியாக நடக்க மனம் வரவில்லை.

கல்பாலம்:
அண்ணா, நீங்கள் எதையோ பார்த்தீர்கள், சரி. ஆனால் இப்போது இருக்கும் கல்பாலம் 1786இல் கட்டியது. மேரி போய் 34 வருடம் கழித்து! அவள் ஓடியது பழைய பாலத்தில். 1774 வெள்ளத்தோடு அதன் கதை முடிந்தது. ஆவி என்றால் பழைய வழியில்தானே போகும்? புதுப் பாலத்தில், அதுவும் நடைபாதையில் ஒழுங்காக ஒதுங்கியா போகும்?

என் அனுபவம் சின்னது. செயின்ட் மேரி தேவாலயத்துக்குள் மழைக்கு ஒதுங்கினேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தபோது பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். வயதான ஆண். வயிற்று வலிக்காரர் மாதிரி, செருமலோடு ஒரு முனகலும். திரும்பினால் காலி பெஞ்சுகள்தான். மேரியை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் புதைத்தது அங்கேதான். எல்லோரும் மேரி மேரி என்கிறீர்கள். நாள் கணக்கில் துடித்துச் செத்தவர் பிரான்சிஸ் பிளாண்டி. அவருக்கு ஒரு ஆவிகூடக் கொடுக்க மாட்டீர்களா?

ரீடிங் அக்கா:
கல்பாலம் தம்பி, ஆவிக்கு வரைபடம் போட்டுக் கொடுக்காதே.

ஹென்லியின் கென்டன் தியேட்டரில் நடந்ததைச் சொல்கிறேன். 1805இல் திறந்த அரங்கம் அது. 1969இல் மேரியைப் பற்றிய நாடகத்துக்கு அங்கே ஒத்திகை நடந்தபோது கண்ணாடி சுவரிலிருந்து தெறித்து விழுந்தது, விளக்குகள் தானாக அணைந்து எரிந்தன என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. நான் போனது சம்பந்தமே இல்லாத ஒரு நகைச்சுவை நாடகத்துக்கு. எங்கள் வரிசையின் கடைசி இருக்கையில் ஆள் இல்லை. ஆனால் மடிந்து மேலே நிற்க வேண்டிய இருக்கை, யாரோ உட்கார்ந்திருப்பதுபோலக் கீழேயே இருந்தது. பழுது போல என்று விட்டுவிட்டேன். நாடகம் முடிந்து எல்லோரும் எழுந்து கைதட்டினோம். அந்த இருக்கையும் டப்பென்று மேலே போனது. பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இதுவரை இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

நம்பாதவன்:
ஹென்லிக்குப் பக்கத்தில் மார்ஷ் லாக் என்கிற படகு மதகருகே படகில் தங்கியிருந்தபோது மர நடைபாலத்தில் ராத்திரி முழுக்க யாரோ நடக்கிற சத்தம். அணைக்கட்டில் விழும் தண்ணீர் பலகையை அதிர வைக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் படகில் தங்குகிறவர்கள் ஒன்றைக் கேளுங்கள். கார்பன் மோனாக்சைடு என்கிற விஷவாயுவுக்கான அலாரம் இல்லாமல் கரி அடுப்பு மூட்டாதீர்கள். 1921இல் அமெரிக்கக் கண் மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு குடும்பத்தின் கதை வந்தது. வீடு முழுக்கக் காலடிச் சத்தம், கட்டிலருகே உருவங்கள், எல்லோருக்கும் தலைவலி. பார்த்தால், பழுதான உலையிலிருந்து வந்த இதே விஷவாயு. தலை கனத்தாலோ குமட்டினாலோ பேயைத் தேடாதீர்கள், கதவைத் திறந்து வெளியே வாருங்கள். அலாரத்தைப் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மாட்டுங்கள், மாதம் ஒருமுறை பொத்தானை அமுக்கிப் பாருங்கள், புகைபோக்கியைக் கரி அடைக்காமல் வைத்திருங்கள். குளிருகிறது என்று காற்றோட்டத் துளைகளில் துணி அடைக்கவே கூடாது.

அப்புறம், மேரியின் ஆவியைப் பார்க்க அவள் தூக்கு நாளான ஏப்ரல் 6 அன்று போய் நிற்கும் பக்தர்களுக்கு: அதே 1752 செப்டம்பரில் இங்கிலாந்து நாட்காட்டியில் 11 நாளைத் தூக்கிவிட்டார்கள். அவள் தூக்கில் தொங்கிய ஏப்ரல் 6 இப்போதைய கணக்கில் ஏப்ரல் 17. உங்கள் ஆவி பழைய பஞ்சாங்கமா, புதுசா?

மல்லிகை:
அலாரம் அறிவுரைக்கு நன்றி, யாரும் கேட்கவில்லை. அக்கா பார்த்த இருக்கைக்கும் கரி அடுப்புதான் காரணமா?

நான் போனது மேரியைத் தூக்கிலிட்ட ஆக்ஸ்ஃபோர்டு கோட்டைக்கு. உயரமாகத் தூக்காதீர்கள், மானம் போகும் என்று ஏணியில் நின்று கேட்டாளாம். கீழே நின்று பார்க்கிற ஆண்கள் கண்ணுக்குப் பயந்து! அந்த வாசலில் ஏணி மாதிரியான இரும்புப் படியில் ஏறும்போது பின்னாலிருந்து என் சுடிதார் விளிம்பை யாரோ மெல்லக் கீழே இழுத்துச் சரிசெய்தார்கள். பயம் வரவில்லை. அழுகைதான் வந்தது.

அவள் கொலைகாரி என்று எனக்குத் தோன்றவில்லை. காதலன் கிரான்ஸ்டன் அனுப்பிய பொடி, அப்பாவின் மனதை மாற்றும் மருந்து என்றுதான் நம்பினாள். அவன் பிரான்சுக்கு ஓடித் தப்பிவிட்டான்.

கல்பாலம்:
நம்பினாளா? மிச்சக் கஞ்சியை ருசித்த வேலைக்காரிக்கும் வாந்தி வந்தது. அப்பா படுத்த படுக்கையான பிறகு கடிதங்களையும் பொடியையும் அடுப்பில் போட்டவள் யார்? சமையல்காரி உடனே அந்தப் பொட்டலத்தை வெளியே எடுத்திருக்காவிட்டால் ஆதாரமே இருந்திருக்காது. அப்பாவுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் அடிங்டன் அதைச் சோதித்துச் சொன்ன சாட்சியத்தைப் படித்துவிட்டு வாருங்கள் மல்லிகை அக்கா, பேசலாம்.

பாத்திரக்காரன்:
நான் கேட்டது வேறு. அவளை யாராவது பாலத்தில் பார்த்திருக்கிறீர்களா? கைகளைப் பார்த்தவர்கள் இருந்தால் மட்டும் சொல்லுங்கள்.