அல்கோன்குயின் பூங்காவில் (ஒன்ராறியோ, கனடா) வள்ளமும் கூடாரமும்: கண்டதை எழுதுங்கோ

கரையோரத்தான்
கனூ லேக்கில் இறங்கி, 295 மீற்றர் தூரம் தரையால் வள்ளத்தைச் சுமந்து, ஜோ லேக், ரீப்பி, லிற்றில்டோ தாண்டி ரொம் தொம்சன் லேக். பாதை எல்லாருக்கும் தெரியும். மே நடுப்பகுதி, மத்தியானம் திரும்பக் காற்று எழும்பிவிட்டது. 16 அடி இரட்டையாள் வள்ளத்தில் ஒருவர் தனிய, பின் இருக்கையில். அணியம், அதுதான் முன் நுனி, தண்ணீரை விட்டு ஒரு முழம் தூக்கி நிற்குது. பக்கக் காற்று பிடித்த உடனே வள்ளம் சுழன்று, அவர் எதிர்ப்பக்கம் சாயக் கவிண்டது.

கண்ணுக்குள் நிற்பது அந்தச் சிவப்பு லைஃப் ஜக்கெற். இருக்கைக்குக் கீழே மடித்து வைத்திருந்தார். அவர் நீந்துறதைவிட வேகமாகக் காற்றோடு போனது.

பக்கத்தில் வந்த இருவர் முதலில் அவரைத் தங்கள் வள்ளத்தின் நுனியைப் பிடிக்க வைத்தார்கள். இறுகக் கட்டின பைகளோடு கவிண்ட வள்ளத்தைத் தூக்கேலாது. அதனால் கட்டை அவிழ்த்துப் பைகளை மிதக்க விட்டார்கள். பிறகு வள்ளத்தைக் குப்புறவே தங்கள் விளிம்புக்குக் குறுக்கே இழுத்து, தண்ணீர் வடிய நிமிர்த்தி, திரும்ப இறக்கினார்கள்.

மேப்பிள் அக்கா
தம்பி, காற்றில பழி போடாதேங்கோ. பிழை அந்த இருக்கை. தனிய ஓட்டுறவர் முன் இருக்கையில், முகம் பின்பக்கம் பார்க்க உட்கார வேணும். அந்த இருக்கை நடுவுக்குக் கிட்ட இருக்கிறதால் வள்ளம் மட்டமாக நிற்கும். அப்போது பின்பக்கம்தான் அணியம். இரண்டு முனையும் ஒரே வடிவான வள்ளத்துக்குத்தான் இது சரி. தூர முனையில் 10 லீற்றர் தண்ணீர்ப் பை ஒன்று வையுங்கோ. எதிர்க்காற்றென்றால் பாரம் கொஞ்சம் முன்னுக்கு, பின்காற்றென்றால் கொஞ்சம் பின்னுக்கு. அலை வந்தால் இருக்கையை விட்டு முழங்காலில் இறங்குங்கோ.

நீலப்பீப்பா
நான் கண்டது சின்ன விசயம். லிற்றில்டோவில் ஒரு முகாமில் சாப்பாட்டுப் பீப்பா மூடியின் இரும்பு வளையத்தைச் சுற்றி நகக் கீறல்கள். கரடி உருட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்குது. பூட்டு சரியாக விழுந்திருந்தபடியால் சாப்பாடு தப்பியது.

அதால சொல்றன். பீப்பா மணத்தை முழுசாக அடைக்காது. நம்மட ஆக்கள் கருவாடும் இடிசம்பலும் கொண்டு போறவை. கூடாரத்திலிருந்து 60 மீற்றராவது தள்ளி வையுங்கோ, பற்பசையும் சவர்க்காரமும் அதுக்குள்ளேயே. கயிற்றில் தொங்கவிடுறது காணும் என்று சொல்லுறவை உண்டு. தரையிலிருந்து 4 மீற்றர், அடிமரத்திலிருந்து 2 மீற்றர் விலகித் தொங்கினால்தான் அது தொங்கல். அப்படிக் கொப்பு முகாமுக்குப் பக்கத்தில் லேசில் கிடைக்காது. கிடைத்தாலும் அணில் கயிற்றால் இறங்கிப் பையைக் கடிக்கும். மீன்ரின் கொண்டு போகவே வேண்டாம்: பூங்காவின் உள்பகுதியில் ரின்னும் போத்தலும் தடை. மீனை வீட்டிலேயே வறட்டிச் சமைத்து, உறைய வைத்து, பிளாஸ்ரிக் பெட்டியில் போட்டு முதல் இரவே முடியுங்கோ. சட்டி கழுவின தண்ணீரை ஏரியில் ஊத்தாமல், தள்ளிப் போய்க் குழி தோண்டி ஊத்துங்கோ. குடிக்கிற தண்ணீர் கொதித்துக் குமிழி விட்டு ஒரு நிமிடமாவது இருக்க வேணும்.

கரையோரத்தான்
அண்ணை, கரடியைக் கேட்கேல்லை. அக்கா, இருக்கை சரிதான், ஆனால் அந்த ஜக்கெற்றை விட்டுவிட்டீங்கள். கனடாச் சட்டத்துக்கு ஆளுக்கொன்று வள்ளத்தில் இருந்தால் போதும், போட்டிருக்க வேணும் என்றில்லை. அதுதான் ஆபத்து. பனி உடைந்து சில கிழமையே ஆன தண்ணீரில் முதல் 1 நிமிடம் மூச்சுத்தான் இரைக்கும், வேறு ஒன்றும் செய்யேலாது. அடுத்த 10 நிமிடம்தான் கை விரல் சொல்வழி கேட்கும். உடம்பு குளிர்ந்து நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணித்தியாலம் பிடிக்கும், ஆனால் ஜக்கெற் இல்லாதவர் அதுவரை மிதக்க மாட்டார். தண்ணீருக்குள் நின்று கொழுவி பூட்டலாம் என்று நினைக்காதேங்கோ. கரையிலேயே பூட்டி, தோள்பட்டையை மேலே இழுத்துப் பாருங்கோ. காது வரை ஏறினால் பக்கப் பட்டி தளர்வு.

மேப்பிள் அக்கா
ஓம், அது சரி. 15 மீற்றர் மிதக்கும் கயிறும், தண்ணீர் இறைக்க வாளி அல்லது கைப்பம்பும் சட்டப்படி வேணும். வாளியை வள்ளத்தின் குறுக்குக் கட்டையில் கட்டி விடுங்கோ. விசில் ஜக்கெற்றில்தான் இருக்க வேணும், பைக்குள்ள இல்லை.