சினைப்பை, கருப்பைவாய், மார்பகப் புற்றுநோய் ஆய்வாளரின் வெளியீட்டுப் பட்டியலை எப்படி எடைபோடுவது?

கேள்வி: முதலாண்டு_ஆய்வு

முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டியாக ஜெர்மனியில் இருக்கும் ஒரு மகளிர் மருத்துவ ஆய்வாளரை யோசிக்கிறேன். அவர் பக்கத்தில் 200 கட்டுரைகளுக்கு மேல் இருக்கின்றன. மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளமான பப்மெட்டில் தேடினால் அதில் பாதிதான் கிடைக்கிறது. கூகுள் ஸ்காலரிலோ 200-ஐயும் தாண்டுகிறது. எதை நம்புவது? மேற்கோள்களை வைத்துக் கணக்கிடும் எச்-இன்டெக்ஸ் போதுமா? மூன்று உறுப்புகளின் புற்றுநோயிலும் ஒரே ஆள் எழுதுவது சந்தேகப்பட வேண்டியதா?

பதில்: மெஷ்தேடி

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: சந்தேகமே வேண்டாம். ஜெர்மனியில் மார்பகப் புற்றுநோய் பெரும்பாலும் மகளிர் மருத்துவத் துறையிடம்தான் இருக்கிறது. போதாததற்கு, பழுதானால் இரண்டு இடத்திலும் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் பிஆர்சிஏ மரபணுக்கள் இரண்டும் (கண்டறிந்தது 1994, 1995) மார்பகத்தையும் சினைப்பையையும் ஒன்றாகக் கட்டிவிட்டன. ஒலாபரிப் மருந்தையே பாருங்கள்: சினைப்பைக்கான சோலோ-1 ஆய்வின் முடிவு 2018-இல், மார்பகத்துக்கான ஒலிம்பியா ஆய்வின் முடிவு 2021-இல் வந்தது. இரண்டு பக்கமும் பெயர் இருப்பவர்கள் நிறைய.

எண்ணிக்கை ஏன் மாறுகிறது என்றால், முதல் காரணம் பெயர். பப்மெட்டில் ஆசிரியரின் முழுப் பெயர் 2002 முதல்தான் பதிவாகிறது. அதற்கு முந்தையவற்றில் முதலெழுத்து மட்டும். எல்லா ஆசிரியர்களின் பணியிடமும் இருப்பது 2014 முதல். அதற்குமுன் முதல் ஆசிரியருடையது மட்டும். ஆகவே பணியிடத்தை வைத்து வடிகட்டினால் பழைய கட்டுரைகள் விழுந்துவிடும். 'முல்லர்' மாதிரி உம்லாட் (எழுத்தின் மேல் இரட்டைப் புள்ளி) உள்ள பெயரை 'யு' மட்டும் போட்டு ஒருமுறை, 'யுஇ' போட்டு ஒருமுறை, இரண்டாகத் தேடுங்கள். திருமணத்துக்குப் பின் குடும்பப்பெயர் மாறியிருந்தால் பழைய பெயரிலும். ஆய்வாளர்களுக்கான அடையாள எண்ணான 16 இலக்க ஆர்கிட் எண் இருந்தால் அதிலிருந்து தொடங்கலாம். ஆனால் அதை நிரப்புவது அவரேதான் என்பதால் விடுபட்டவை இருக்கும்.

பொருள்வாரியாகத் தேட மெஷ் சொற்கள் (பப்மெட் கட்டுரைகளுக்கு இடப்படும் குறிச்சொற்கள்): 'ஜெனிட்டல் நியோபிளாசம்ஸ், ஃபீமேல்' போட்டால் சினைப்பை, கருப்பை, கருப்பைவாய் எல்லாம் அடங்கும். மார்பகம் அதில் வராது. 'பிரெஸ்ட் நியோபிளாசம்ஸ்' என்று தனியாக 'ஆர்' (அல்லது) போட்டுச் சேர்க்க வேண்டும். மெஷ் ஏறாத பதிவுகளும் உண்டு, அதனால் அதே சொற்களைத் தலைப்பிலும் சுருக்கத்திலும் தேடிவிடுங்கள்.

ஸ்காலர் கூடுதலாகக் காட்டுவது முன்பதிப்பு, ஆய்வேடு, மாநாட்டுச் சுருக்கம், சில நேரம் அதே பெயருள்ள வேறொருவரின் கட்டுரை. ஆஸ்கோ (அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவச் சங்கம்) மாநாட்டுச் சுருக்கங்களில் பெரும்பாலானவை பப்மெட்டில் இருக்காது. சொந்தப் பட்டியலில் அவை முழுக் கட்டுரைகளோடு கலந்திருந்தால் பாதி வித்தியாசம் அங்கேயே தீர்ந்துவிடும்.

பதில்: சோதனை_எண்

கட்டுரைகளை எண்ணாதீர்கள், ஆய்வுகளை எண்ணுங்கள். கருப்பைவாய்ப் புற்றுநோய் அறுவை முறைகளை ஒப்பிட்ட லாக் ஆய்வில் 631 பெண்கள். முதன்மை முடிவு 2018, வாழ்க்கைத்தரம் 2020, மொத்த உயிர்வாழ்வு 2024 எனத் தனித்தனிக் கட்டுரைகள். இதில் தவறில்லை, ஒவ்வொன்றும் வேறு கேள்விக்கான விடை. ஆனால் பட்டியலில் இருப்பது ஒரே ஆய்வு. என்சிடி என்று தொடங்கி 8 இலக்கம் கொண்ட மருத்துவ ஆய்வுப் பதிவு எண்ணை விரிதாளில் ஒரு நிரலாக வைத்து வரிசைப்படுத்துங்கள். 200 கட்டுரைகள் சில டஜன் ஆய்வுகளாகச் சுருங்குவது இத்துறையில் இயல்பு.

அடுத்த நிரலில் ஆசிரியர் வரிசை: முதல், கடைசி, நடு, குழுப்பெயர். பப்மெட்டில் 'கொலாபரேட்டர்ஸ்' என்ற தலைப்பின் கீழ் மட்டும் பெயர் இருந்தால் அவர் அக்கட்டுரையின் ஆசிரியர் அல்லர். சொந்தப் பட்டியலில் அதுவும் கட்டுரையாக எண்ணப்பட்டிருக்கலாம், பாருங்கள்.

கேள்வி கேட்டவர்: முதலாண்டு_ஆய்வு

அப்படியானால் நடுவில் பெயர் வரும் கட்டுரைகளுக்கு மதிப்பில்லையா?

பதில்: சோதனை_எண்

உண்டு. பல மைய ஆய்வுகளில் நடு இடம் பெரும்பாலும் நோயாளிகளைச் சேர்த்த மையத்துக்குக் கிடைக்கும். அவர் மையம் உண்மையாக இயங்குகிறது என்பதற்கு அது நல்ல சான்று. வழிகாட்டியாக இருப்பாரா என்பதற்குச் சான்றாகாது. அதற்கு, அவர் கடைசி ஆசிரியராக இருக்கும் கட்டுரைகளை மட்டும் பிரித்து, முதல் இடத்தில் யார் என்று பாருங்கள். வெவ்வேறு இளம் பெயர்கள், ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று கட்டுரைகள் இருந்தால் மாணவர்கள் அங்கே வளர்கிறார்கள். பெயர் ஒருமுறை வந்து மறைவதே வழக்கமாக இருந்தால் அந்த முன்னாள் மாணவர்களிடம் பேசாமல் முடிவெடுக்காதீர்கள்.

பதில்: நூலகமேசை

எச்-இன்டெக்ஸ் (ஹிர்ஷ், 2005) ஆசிரியர் வரிசையைப் பார்ப்பதே இல்லை. சிகிச்சை வழிகாட்டு நெறிகள், பெரிய கூட்டு ஆய்வுகள் இவற்றில் நடுப்பெயராக இருந்தாலே அது ஏறிவிடும். முதல், கடைசி ஆசிரியர் கட்டுரைகளுக்கு மட்டும் தனியாகக் கணக்கிட்டுப் பாருங்கள், படம் மாறும்.

திரும்பப் பெறப்பட்டவை உண்டா என்றும் பார்த்துவிடுங்கள். ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளம் 2023 முதல், கட்டுரைகளுக்கு அடையாள எண் வழங்கும் கிராஸ்ரெஃப் அமைப்பின் வழியாக இலவசம். மார்பகப் புற்றுநோய்க்கு மிகை அளவு கீமோதெரபி நல்லது என்று 1995-இல் வெளியான தென்னாப்பிரிக்கக் கட்டுரை 2001-இல்தான் திரும்பப் பெறப்பட்டது. இடையில் அதை நம்பி மேற்கோள் காட்டியவர்கள் பலர். அதனால் திரும்பப் பெற்ற கட்டுரையில் பெயர் இருப்பதை மட்டும் வைத்துத் தீர்ப்பளிக்காமல், அறிவிப்பைத் திறந்து காரணம் படியுங்கள்: நேர்மையான பிழையா, தரவுப் புனைவா, திரும்பப் பெறக் கோரியது ஆசிரியர்களா இதழா என்பதெல்லாம் பெரும்பாலும் அதில் இருக்கும்.