பழைய மியாட்டா: பெல் ஹவுசிங்கில் ஆயில் சொட்டினால் முதலில் எங்கே பார்ப்பது?

1.6 லிட்டர் இன்ஜின் வைத்த முதல் தலைமுறை மாஸ்டா மியாட்டா காரில், இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங்கில் ஆயில் சொட்டினால் "ரியர் மெயின் சீல் (கிராங்க் ஷாஃப்டின் பின்முனை சீல்) போச்சு, கியர்பாக்ஸை இறக்கணும்" என்று உடனே முடிவு கட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டின் பின்புறம், தீச்சுவருக்கு (ஃபயர்வால்) அருகே, கேம் ஷாஃப்டின் நிலையை ஈசியூவுக்குச் சொல்லும் கேம் ஆங்கிள் சென்சார் இருக்கிறது. பல வண்டிகளில் கசிவது அதன் ஓ-ரிங்தான் (ரப்பர் வளையம்). வருடக்கணக்கில் சூடு பட்டு ரப்பர் விறைத்து, கழற்றும்போது பட்டென்று ஒடிந்து கையில் வரும். அங்கே கசியும் ஆயில் ஹெட்டின் முதுகு வழியே இறங்கி பெல் ஹவுசிங்கின் அடியில் சொட்டும். கீழே படுத்துப் பார்த்தால் ரியர் மெயின் சீல் போனது போலவே தெரியும். பக்கத்தில் உள்ள ஹீட்டர் ஹோஸ்களிலும் ஆயில் பட்டு ரப்பர் உப்பிப்போகும். அவற்றையும் அமுக்கிப் பாருங்கள்.

உறுதி செய்வது எளிது. பிரேக் கிளீனர் அடித்து அந்த இடத்தைச் சுத்தமாகத் துடைத்து, 20 நிமிடம் ஓட்டிவிட்டு, இன்ஜின் ஆறியதும் சென்சாருக்கு அடியில் விரலை வைத்துத் தடவுங்கள். விரல் நனைந்தால் அதுதான். அங்கே காய்ந்திருந்தால் ஹெட்டின் மேல்மூடியான வால்வ் கவரின் பின் மூலைகளைப் பாருங்கள். கேஸ்கெட் மாற்றும்போது கேம் ஷாஃப்டைப் பிடித்திருக்கும் கேம் கேப் மூலைகளில் ஒரு பொட்டு சிலிகான் சீலன்ட் வைக்காமல் விட்டால் அங்கிருந்தும் இறங்கும். இரண்டும் காய்ந்திருந்தால் மட்டுமே கியர்பாக்ஸ் பக்கம் போங்கள்.

*

ஓ-ரிங் மாற்றுபவர்களுக்கு ஒன்று. கழற்றும் முன் சென்சார் உடலிலிருந்து ஹெட்டுக்கு ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். பிடித்திருப்பது ஒரே ஒரு 12 எம்எம் போல்ட். இக்னிஷன் காயிலைக் கழற்றி ஒதுக்கினால் கை தாராளமாகப் போகும். புதிய ஓ-ரிங்கில் இன்ஜின் ஆயில் தடவித் தள்ளுங்கள், சீலன்ட் வேண்டாம். சென்சாரின் நாக்கு நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருப்பதால் ஒரு வாகில்தான் உட்காரும். போகவில்லை என்றால் நாக்கை அரைச் சுற்று திருப்புங்கள், அடித்து இறக்காதீர்கள்.

சென்சாரைத் திருப்பினால் இக்னிஷன் டைமிங்கும் மாறும். கீறிய கோடு பொருந்தினாலும் டைமிங் லைட் வைத்துப் பார்ப்பதே சரி. இன்ஜின் நன்றாகச் சூடானதும் லைட், ஏசி எல்லாம் அணைத்துவிட்டு, டயக்னோசிஸ் பெட்டியில் டிஇஎன் (TEN), ஜிஎன்டி (GND) என்ற இரண்டு முனைகளையும் ஒரு வயரால் இணைத்தால், ஐடிலில் டிடிசிக்கு (பிஸ்டன் உச்சிக்கு வரும் புள்ளி) முன் 10 டிகிரி காட்ட வேண்டும். வயரை இணைக்காமல் பார்த்தால் இன்ஜினின் கணினியான ஈசியூ தானே திருத்திக்கொண்டிருக்கும், அந்த அளவை நம்ப முடியாது.

*

சொட்டுவது இன்ஜின் ஆயில்தானா என்பதையும் பாருங்கள். கந்தக நாற்றம் அடித்தால் கியர் ஆயில். மெலிதாக, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் இருந்தால் அது பிரேக் ஃப்ளூயிட், கசிவது கிளட்சை இயக்கும் ஸ்லேவ் சிலிண்டர். பெடல் தாழ்ந்து, முதல் கியரோ ரிவர்ஸோ விழ மறுப்பதும் அதனால்தான். ஸ்லேவின் ரப்பர் உறையை விரலால் விலக்குங்கள். உள்ளே ஈரம் இருந்தால் அதன் காலம் முடிந்தது. பெடல் பக்கம் இருக்கும் மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றைப் புதிதாக்கினால் அதே வயதான மற்றொன்று விரைவில் கசியத் தொடங்குவது இந்த வண்டியில் வழக்கம். பிரேக் ஃப்ளூயிட் பெயின்டைத் தின்னும், சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.