காரைக்குடி வீட்டின் கட்டுமானப் பொருள் வேதாரண்யம் கடற்கரைக்குப் பொருந்துமா?

செட்டிநாட்டு வாசி:

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடிக்கு அருகே உள்ள எங்கள் குடும்ப வீடு ஏறக்குறைய நூறாண்டு பழைமையானது. முழங்கை நீளத்துக்குத் தடித்த சுவர்கள், கடுக்காயும் முட்டை வெண்கருவும் சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு, ஆத்தங்குடிக் கல் தரை, நடுவே வானம் பார்த்த முற்றம் ஆகியவற்றுடன் இன்றும் உறுதியாக நிற்கிறது. சித்திரை வெயிலில் வெளியிலிருந்து உள்ளே நுழைந்தால் உடல் வியர்வை அடங்கிவிடும்.

இப்போது என் மனைவியின் ஊரான வேதாரண்யத்துக்கு அருகில், கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில், ஒரு வீடு கட்டவிருக்கிறோம். மண் மணற்பாங்கானது, கிணற்று நீர் உவர்ப்பு. கோயம்புத்தூர்ப் பக்கம் பல வீடுகளைக் கட்டிய ஒப்பந்தக்காரர் ஒருவர் மதிப்பீடு கொடுத்திருக்கிறார். சிமென்ட் சாலிட் பிளாக் சுவர், சிமென்ட், மணல், ஜல்லி ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று கலவையில் தட்டைக் கான்கிரீட் கூரை, சிமென்ட் பூச்சு என்று கோவையில் போடும் அதே கணக்கை இங்கும் போட்டிருக்கிறார். ஊரும் காற்றும் மண்ணும் மாறும்போது பொருள் மட்டும் மாறாமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

எங்கள் ஊர் வீட்டைப் போலத் தடித்த சுண்ணாம்புச் சுவர் எழுப்பினால் கடற்கரையிலும் அதே குளிர்ச்சி கிடைக்குமா? 2018-இல் கஜா புயல் அடித்த பகுதி என்பதால் ஓட்டுக் கூரை போடவும் அச்சமாக இருக்கிறது. வேறு மாவட்டங்களில் கட்டியவர்களும் தங்கள் பகுதியில் எதை, ஏன் பயன்படுத்துகிறார்கள் என்று எழுதினால் உதவியாக இருக்கும்.

---

நாகைப் பொறியாளர்:

உங்கள் ஐயம் முற்றிலும் நியாயமானது. முதலில் காரைக்குடி வீடு ஏன் குளிர்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதைப் புரிந்துகொண்டால் வேதாரண்யத்தில் எது வேண்டும், எது வேண்டாம் என்பது எளிதாகிவிடும்.

தடித்த செங்கற்சுவர் வெப்பத்தைத் தடுப்பதில்லை, தாமதப்படுத்துகிறது. ஒன்பது அங்குலச் சுவரிலேயே வெளி வெப்பம் உட்புறத்தை அடைய ஆறேழு மணி நேரம் ஆகும். உங்கள் வீட்டுச் சுவரில் இன்னும் கூடுதலாக ஆகும். நண்பகல் வெயில் உள்ளே வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அதன்பின் இரவுக் காற்று முற்றத்தின் வழியாக இறங்கிச் சுவரையும் தரையையும் ஆற்றிவிட, மறுநாள் காலையில் வீடு மீண்டும் குளிர்ந்த நிலையில் தொடங்குகிறது. பகலுக்கும் இரவுக்கும் வெப்பநிலை நன்றாக மாறும் உள்நாட்டில்தான் இந்த ஏற்பாடு முழுப் பயன் தரும்.

கடற்கரையில் இரவு அவ்வளவாகக் குளிர்வதில்லை. காற்றில் ஈரப்பதம் மிகுதி. பகலில் வாங்கிய வெப்பத்தை வெளியேற்ற வழியில்லாமல் தடித்த சுவர் இரவு முழுவதும் படுக்கையறைக்குள் அனலை விட்டுக்கொண்டிருக்கும். இங்கே உடலுக்கு இதம் தருவது உடல்மேல் படும் காற்றோட்டமும், சுவரின்மேல் வெயில் படாமல் விழும் நிழலும்தான். எதிரெதிர்ச் சுவர்களில் பெரிய சன்னல்கள், அறைகளை ஒரே வரிசையில் அமைத்தல், கிழக்கிலும் மேற்கிலும் ஆழமான தாழ்வாரம் ஆகியவற்றுக்குச் செலவிடும் பணம், சுவரைத் தடிப்பாக்கச் செலவிடும் பணத்தைவிடப் பன்மடங்கு பயன் தரும். ஒன்பது அங்குலச் சுவர் உங்களுக்குப் போதும்.

இனி உப்புக்கு வருகிறேன், ஏனெனில் வேதாரண்யத்தில் வீட்டின் ஆயுளைத் தீர்மானிப்பது அதுதான். கடற்காற்றில் வரும் குளோரைடு கான்கிரீட்டுக்குள் ஊடுருவிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு, தான் உருவான இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கிறது. கடலோர ஊர்களில் கட்டிப் பதினைந்து இருபது ஆண்டுகளே ஆன வீடுகளில் மேற்தளத்தின் அடிப்பூச்சு பாளம் பாளமாக விழுந்து கம்பி தெரிவதற்குக் காரணம் இதுவே. தரங்கம்பாடியில் 1620-இல் கட்டத் தொடங்கிய டேனியக் கோட்டை கடலை ஒட்டியே நிற்கிறது. அந்தச் செங்கல் சுண்ணாம்புக் கட்டுமானத்துக்குள் துருப்பிடித்துப் பிளக்கக் கம்பி இல்லை.

உங்கள் ஒப்பந்தக்காரர் சொல்லும் ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று என்பது எம் 20 தரக் கான்கிரீட் (எண் கூடக்கூட உறுதி கூடும்). கோவையில் வீட்டுக்கு அது நடைமுறையில் உள்ளதுதான். ஆனால் இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456, கடலோரச் சூழலைக் கடுமையான வகையில் சேர்த்து, குறைந்தது எம் 30 தரமும், சிமென்டின் எடையில் 0.45 மடங்குக்கு மேற்படாத நீரும், கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டுக்கு 45 மில்லிமீட்டர் தடிமனும் கேட்கிறது. எம் 30 தரத்தை வேலையிடத்தில் சட்டிக் கணக்கில் கலக்க முடியாது. ஆய்வகத்தில் கலவை வடிவமைப்புச் செய்து, அதன்படி எடைபோட்டுக் கலக்க வேண்டும் அல்லது ரெடிமிக்ஸ் வாங்க வேண்டும். சிமென்ட்டாகக் இரும்பாலைக் கசடு கலந்த பி.எஸ்.சி. வகையைக் கேளுங்கள், குளோரைடு உள்ளே நகர்வதை அது நன்கு மட்டுப்படுத்தும்.

இவை அனைத்தையும் தாளில் ஒப்புக்கொண்டு, வேலையில் ஒரே ஓர் இடத்தில் கோட்டைவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன். கம்பி கட்டியவுடன் அதற்கு அடியில் கம்பியைத் தகட்டிலிருந்து உயர்த்திப் பிடிக்கும் கவர் பிளாக் வைக்காமல் கையில் அகப்பட்ட ஜல்லித் துண்டைச் செருகிவிடுவார்கள். கான்கிரீட் போடும் ஆட்கள் கம்பியின்மேல் நடக்கும்போது அந்தத் துண்டு புரண்டு, கம்பி சென்ட்ரிங் தகட்டின்மேல் போய்ப் படிந்துவிடும். எம் 40 ஊற்றினாலும் அந்தக் கம்பியைக் காப்பாற்ற முடியாது. கான்கிரீட் போடும் நாளன்று நீங்களே தகட்டின் அருகே குனிந்து, கம்பிக்கும் தகட்டுக்கும் இடையே உரிய இடைவெளி எங்கும் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள்.

சுவருக்கு, தஞ்சை, நாகைப் பகுதிகளின் வண்டல் மண்ணில் அறுத்த நாட்டுச் செங்கல்லையே நான் பரிந்துரைப்பேன். கான்கிரீட் பிளாக் வேண்டாம் என்று தடுக்கவில்லை. ஆனால் பூச்சில்லாத இடைவெளிகளில் கடற்கரை மழை எளிதாக உள்ளே வரும். உள்ளே காற்றுக்குமிழ்கள் நிறைந்த, எடை குறைந்த ஏ.ஏ.சி. கான்கிரீட் கற்கள் வெப்பத்தை நன்கு தடுக்கும் என்றாலும் நீரை உறிஞ்சும் இயல்புடையவை. வடகிழக்குப் பருவமழை சாய்வாக அடிக்கும் கிழக்குச் சுவருக்கு, பூச்சில் மிகுந்த கவனம் செலுத்த முடிந்தால் மட்டுமே அவற்றை எடுங்கள்.

---

குமரித் தச்சர்:

பொறியாளர் ஐயா சொன்னவற்றோடு எங்கள் மாவட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன். கன்னியாகுமரி சிறிய மாவட்டம்தான். ஆயினும் அதற்குள்ளேயே பொருள் மாறுகிறது. மேற்கே விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் கொட்டும். அங்கே பூமிக்கடியில் வெட்டுக்கல் கிடைக்கிறது. வெட்டும்போது கோடரிக்கு இணங்கும் அளவுக்கு மிருதுவாக இருக்கும் அந்தச் செந்நிறக் கல், காற்றுப்பட்டால் இறுகிவிடும். அதனால் வெட்டிய கல்லை உடனே சுவரில் வைக்காமல் சில மாதங்கள் வெளியில் அடுக்கி வைப்பது எங்கள் முன்னோர் வழக்கம். தட்டிப் பார்த்தால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் ஒதுக்கிவிடுவோம். அதுவும் நீர் குடிக்கும் கல்லே என்பதால் அடித்தளத்தைக் கருங்கல்லில் கட்டி, அதன்மேல்தான் வெட்டுக்கல் வைப்போம். கிழக்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் மழை குறைவு. அங்கே கருங்கல்லே மிகுதி.

எங்கள் வீட்டின் உயிர் கூரையில்தான் இருக்கிறது. பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்திருப்பீர்கள். மிகுந்த சரிவோடு இறங்கும் ஓட்டுக் கூரையும், சுவரைத் தாண்டி நீளும் இறவாணமும் மழைநீர் சுவரில் படாமல் காக்கின்றன. வீட்டுக்கூரைக்குப் பலா, அயனி, தேக்கு ஆகிய மரங்களைப் பயன்படுத்தினோம். மங்களூர் ஓடு பரவலானது பாசல் மிஷன் 1865-இல் மங்களூரில் ஆலை தொடங்கிய பிறகுதான். அதற்கு முன் நாட்டோடும் ஓலையுமே இருந்தன.

ஆனால் இந்த நீண்ட இறவாணத்தை அப்படியே வேதாரண்யத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். புயற்காற்று இறவாணத்துக்கு அடியில் புகுந்து கூரையை மேல்நோக்கித் தூக்கும். ஓட்டுக் கூரைதான் வேண்டும் என்றால், இருபுறம் மட்டும் சரியும் கூரைக்குப் பதிலாக நான்கு புறமும் சரியும் கூரையாக ஏறக்குறைய முப்பது பாகைச் சரிவில் அமையுங்கள். உத்திரத்தைச் சுவரின் மேற்பட்டையில் பதித்த நங்கூரக் கம்பியோடு இறுக்குங்கள். தாழ்வாரக் கூரையைத் தலைக்கூரையின் நீட்சியாக இல்லாமல் தனியாகச் சாய்த்துக் கட்டுங்கள். தாழ்வாரம் பறந்தாலும் வீட்டுக் கூரை தப்பும். நான் சொல்வது மரவேலை செய்பவனின் கருத்து. பணம் இடம் கொடுத்தால் வீட்டுக்குக் கான்கிரீட் தளமும் தாழ்வாரத்துக்கு மட்டும் ஓடும் என்று பிரித்துக்கொள்வதே உங்கள் ஊருக்கு நிம்மதியானது.

---

யாழ் வாசகர்:

வேதாரண்யத்துக்கு எதிர்க்கரையில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். எங்களுக்கும் கடல், உவர், வெயில் எல்லாம் உங்களைப் போலத்தான். ஆனால் நிலம் வேறு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் சில அடி தோண்டினாலே சுண்ணக்கல் பாறை வந்துவிடும். நடுமுற்றத்தைச் சுற்றி நான்கு புறமும் கட்டிய பழைய நாற்சார் வீடுகளின் சுவர்கள் அந்தக் கல்லாலும் அதையே சுட்டு எடுத்த சுண்ணாம்பாலும் கட்டப்பட்டவை. கூரையைத் தாங்க முதிர்ந்த பனையில் அறுத்த சலாகை, அதாவது நீண்ட சட்டம். பனையில் வெளிப்புற வைரம் கருமையாகவும் இரும்புபோல உறுதியாகவும் இருக்கும். உள்ளே இருக்கும் சோற்றுப் பகுதியை முழுவதும் சீவி எறிந்துவிட வேண்டும். அதை விட்டுவைத்த சலாகையைத்தான் பூச்சி அரிக்கும். நன்றாகத் தேர்ந்தெடுத்த பனஞ்சலாகை உப்புக்காற்றுக்கு அஞ்சாது.

போருக்குப் பின் எழுந்த வீடுகள் பெரும்பாலும் சீமெந்துக் கல்லிலும் கான்கிரீட்டிலும் அமைந்தவை. சுண்ணக்கல்லை மேலும் மேலும் அகழ்வதும் நல்லதல்ல, ஏனெனில் எங்கள் குடிநீர் அந்தப் பாறைக்குள்தான் தேங்கி நிற்கிறது. உங்கள் பக்கத்திலும் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்ததாக அறிவேன். ஆகவே பழைய வீடு பிரிக்கும் இடங்களில் கிடைக்கும் பனைமரத்தைத் தேடுங்கள். தாழ்வாரத்துக்கு அதுவே போதுமானது.

---

செட்டிநாட்டு வாசி:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. சுவரைத் தடிப்பாக்கும் எண்ணத்தைக் கைவிட்டேன். வீட்டுக்கு எம் 30 கான்கிரீட் தளம், கிழக்கிலும் மேற்கிலும் பனஞ்சலாகை வைத்து ஓடு வேய்ந்த தாழ்வாரம், நாட்டுச் செங்கற்சுவர் என்று மதிப்பீட்டைத் திருத்தச் சொல்லப்போகிறேன். இரண்டு ஐயங்கள் மட்டும் மீதம் உள்ளன. தட்டைக் கான்கிரீட் தளம் வெயிலில் சூடேறி இரவெல்லாம் அனல் விடாதா? மேலும், உட்புறத்திலாவது சுண்ணாம்புப் பூச்சு வைக்கலாமா? ஊரில் கடுக்காய் ஊறவைத்துச் சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் இன்னும் இருக்கிறார்.

---

நாகைப் பொறியாளர்:

விடும், அதனால்தான் தளத்தை மொட்டையாக விடக்கூடாது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கியைச் சரிவோடு போட்டு அதன்மேல் தட்டோடு பதிக்கும் பழைய முறை இன்றும் சிறந்தது. அது வெப்பத்தையும் குறைக்கும், மழைநீரையும் வடிக்கும். தட்டோட்டின்மேல் வெள்ளைப் பூச்சு அடித்து, இரண்டு மழைக்காலத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால் இன்னும் நல்லது. அதைவிட மேலானது தளத்துக்கு மேல் ஆறேழு அடி உயரத்தில் பந்தல் போல ஒரு நிழற்கூரை. ஆனால் புயற்பகுதியில் அதை எப்போது வேண்டுமானாலும் கழற்றும்படி அமைக்க வேண்டும்.

சுண்ணாம்புப் பூச்சை உட்புறத்தில் தாராளமாக வையுங்கள். உவர்மண்ணில் அடிச்சுவர் ஈரத்தை மேலே இழுக்கும். சிமென்ட் பூச்சு அந்த ஈரத்தை உள்ளேயே அடைத்துவிட, உப்பு பூச்சுக்குப் பின்னால் பூத்து அதைப் பொரித்துத் தள்ளும். சுண்ணாம்பு ஈரத்தை மெல்ல வெளியே விட்டுவிடும். எனினும் அடித்தளத்தின்மேல் ஈரத்தடுப்புப் பட்டையைப் போடாமல் சுண்ணாம்பை மட்டும் நம்ப வேண்டாம். பெரியவரிடம் வேலையை ஒப்படைக்கும்போது அவசரப்படுத்தாதீர்கள். ஒவ்வொரு பூச்சும் காய அவர் கேட்கும் காலத்தைக் கொடுங்கள்.

இறுதியாக, செங்கல் வாங்கும் முன் ஒரு சோதனை. தட்டையான ஏனத்தில் ஓர் அங்குல உயரத்துக்கு மழைநீரோ வடிநீரோ ஊற்றி, ஒரு செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்தி நீர் வற்றும்வரை விட்டுவிடுங்கள். வற்றிய பின் மீண்டும் ஒருமுறை அதேபோல் செய்யுங்கள். கல்லின் மேற்பரப்பில் வெண்மை பரவலாகப் பூத்தால் அந்தச் சூளையைத் தவிர்த்துவிடுங்கள். இச்சோதனைக்கு உங்கள் கிணற்று நீரை எடுக்கக் கூடாது. அதிலுள்ள உப்பே கல்லில் பூத்து உங்களைக் குழப்பிவிடும். அதே காரணத்தால் கான்கிரீட்டுக்கும் அந்த நீர் வேண்டாம். கம்பி உள்ள கான்கிரீட்டுக்கான நீரில் ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்பது ஐ.எஸ். 456 வரையறை. கியூரிங்குக்கும் சேர்த்து லாரித் தண்ணீருக்கான செலவை மதிப்பீட்டில் தனிவரியாக எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதாவிட்டால் வேலை நடக்கும்போது ஆட்கள் அருகிலிருக்கும் கிணற்றிலிருந்துதான் இறைப்பார்கள்.