தனுஷ்கோடி மணலில் ரெட் டாட் சரிபார்த்த அனுபவம்

600 எம்எம் லென்ஸோடு தனுஷ்கோடியில் நின்றவர்களுக்கு இந்தத் தவிப்பு தெரியும். வெறுங்கண்ணுக்கு ஆலா என்ற கடற்பறவை பளிச்சென்று தெரிகிறது. கேமராவைத் தூக்கிக் கண்ணில் வைத்தால் வெறும் வானம். அங்கும் இங்கும் துழாவி முடிப்பதற்குள் அது தண்ணீரில் பாய்ந்து மீனோடு எழுந்து போயிருக்கும்.

ஏபிஎஸ்-சி (முழு ஃப்ரேமைவிடச் சிறிய சென்சார்) கேமராவில் இந்த லென்ஸுக்கு 50 மீட்டர் தூரத்தில் ஃப்ரேமின் அகலம் 2 மீட்டர்கூட வராது. காஸ்பியன் ஆலா சிறகை விரித்தால் ஏறக்குறைய 1.3 மீட்டர் இருக்கும். இவ்வளவு குறுகிய இடத்துக்குள் ஓடும் பறவையைக் கொண்டுவர, கேமராவின் ஹாட் ஷூவில் (மேலே ஃப்ளாஷ் மாட்டும் இடம்) மாட்டும் ரெட் டாட் என்ற குறிபார்க்கும் கருவி எனக்கு மிகவும் உதவியது. இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு, கண்ணாடியில் தெரியும் சிவப்புப் புள்ளியைப் பறவைமேல் வைத்தால் லென்ஸும் அங்கேயே பார்க்கும். ஆனால் அதற்கு முன்னால் புள்ளியைச் சரிபார்த்திருக்க வேண்டும். பலரும் 'வாங்கினேன், பயனில்லை' என்று பெட்டியில் போட்டுவிடுவது இதைச் செய்யாததால்தான் என்று நினைக்கிறேன்.

இது துப்பாக்கியிலிருந்து வந்த கருவி. அமெரிக்காவில் ஷாட்கன்னில் ரெட் டாட் பொருத்தி வான்கோழி வேட்டைக்குப் போகிறவர்கள், 30, 40 கஜத்தில் பெரிய தாளை நிறுத்திச் சுட்டு, சிதறிய ரவைகள் எங்கே அடர்ந்து விழுகின்றன என்று பார்த்து, அந்த நடுவுக்குப் புள்ளியை நகர்த்துவார்கள். எந்தத் தூரத்தில் சுடப் போகிறார்களோ அந்தத் தூரத்தில்தான் சரிபார்ப்பார்கள். நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பறவை வேட்டை குற்றம். எனக்கு அந்தச் சட்டத்தின்மேல் மரியாதை உண்டு. ஆனாலும் அவர்களுடைய இந்த முறை கேமராவுக்கு அப்படியே பொருந்துகிறது.

நான் செய்வது இது. விடிந்ததும் முக்காலியைத் தாழ்வாக ஊன்றி, சுமார் 60 மீட்டர் தள்ளிக் கரையில் ஏற்றியிருக்கும் நாட்டுப்படகின் முனையை ஃப்ரேமின் நட்டநடுவில் நிறுத்துவேன். லென்ஸை இறுக்கிவிட்டு, அதை அசைக்காமல், ரெட் டாட்டின் இரண்டு திருகுகளை மட்டும் திருப்பிப் புள்ளியை அதே முனைக்குக் கொண்டுவருவேன். ஒன்று மேலும் கீழும் நகர்த்தும், மற்றது பக்கவாட்டில். அப்புறம் வேறொரு படகை வைத்து ஒருமுறை சோதித்துக்கொள்வேன்.

ஏன் 60 மீட்டர்? புள்ளி லென்ஸின் மையத்துக்கு ஏறக்குறைய 10 செ.மீ. மேலே இருக்கிறது. 60 மீட்டரில் சரிசெய்தால் 200 மீட்டரில் பிசகு 23 செ.மீ. அங்கே ஃப்ரேமின் உயரம் 5 மீட்டருக்கு மேல், அதனால் பொருட்டே இல்லை. 10 மீட்டரில் பிசகு 8 செ.மீ.தான், ஆனால் ஃப்ரேமே 26 செ.மீ. உயரம். பறவை பாதி வெட்டுப்படும். பக்கத்தில் பறப்பதற்கு ரெட் டாட் சரிப்படாது.

வாடைக்காலத்தில் லென்ஸ் ஹூட் (லென்ஸின் முனையில் மாட்டும் வெளிச்ச மறைப்பு) காற்றைப் பிடித்து ஆட்டும், சரிபார்க்கும்போது கழற்றி வைப்பது நல்லது. வெயில் ஏறினால் மணலில் கானல் ஆடி, படகின் முனையே நெளியும். அதற்குள் முடித்துவிட வேண்டும்.

கோதண்டராமர் கோயில் பக்கத்துத் தேக்கத்தின் கரையில் இதைச் செய்துகொண்டிருந்தபோது வலையோடு வந்த பெரியவர் ஒருவர் நின்றுவிட்டார்.

"என்ன தம்பி, துப்பாக்கி மாதிரி குறி பாக்குறீக?"

"கேமராதான் ஐயா. பறக்குறத படம் எடுக்க."

குனிந்து கண்ணாடியில் பார்த்தார். புள்ளி தெரிந்ததும் முகம் மலர்ந்தது. "எங்க அப்பா காலத்துல கோட்டான் சுட ஆளுக வருவாக. சத்தம் கேட்டா அன்னைக்கு முழுக்க ஒரு பறவையும் உக்காராது" என்றார். கோட்டான் என்று அவர் சொன்னது ஆந்தையை அல்ல, நீண்டு வளைந்த அலகுள்ள கரைப்பறவையை. போகும்போது, "அந்தக் கருப்பு வெள்ளைக் கூட்டம் தெக்க இருக்கு, கொஞ்ச நேரத்துல இப்படி வரும்" என்று கையைக் காட்டினார்.

வந்தன. நண்டுதின்னிகள்! தண்ணீரை ஒட்டித் தாழ்வாக, வெள்ளை உடம்பும் கருத்த முதுகும் தடித்த கருப்பு அலகுமாக ஒரு சிறு வரிசை. முன்னால் பறந்ததன்மேல் புள்ளியை வைத்து உடம்போடு திரும்பினேன். வ்யூஃபைண்டரைப் பார்க்கவே இல்லை. ஷட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. எடுத்ததில் பெரும்பாலானவற்றில் பறவை நடுவில், அலகு கூர்மையாக. பெரும்பாலும் குளிர்காலத்தில் நம் கரைக்கு வரும் இந்தப் பறவையை அப்படிப் பார்த்ததில் கை நடுங்கியது.

போகிறவர்கள் சில விஷயங்களைக் கவனியுங்கள். இது எல்லைக் கடற்கரை. தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு ரெட் டாட் மாட்டிய நீள லென்ஸ் வேறு மாதிரி தெரியலாம். சோதனைக்கு நிற்பவர்களிடம் முதலிலேயே எடுத்துக் காட்டிவிடுங்கள், நிம்மதியாக வேலை பார்க்கலாம். இன்னொன்று, புள்ளியைச் சூரியன் பக்கம் கொண்டுபோகவே கூடாது. லென்ஸும் அங்கேதான் பார்க்கிறது, சென்சார் கெட்டுவிடலாம். திரும்பியதும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் திருகுகளைத் துடைத்துவிடுங்கள். உப்பு ஏறினால் அடுத்த முறை திருகு அசையாது.