ஏழாவது படிக்கிற பையனுக்கு 'கவோர்ட்' எதற்கு?

மஞ்சக்குப்பம் அப்பா:
பையன் சாயங்காலம் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போகிறான். விளையாடுவது, ஜாலியாக இருப்பது, பந்தா காட்டுவது என்று தலைப்புப் போட்டு ஒரு தாள் நிறைய வினைச்சொல் கொடுத்து, வெள்ளிக்கிழமை டெஸ்ட் என்று சொல்லிவிட்டார்கள். ஃபிராலிக், ரோம்ப், கேம்பல், கவோர்ட், ஸ்ட்ரட், ஸ்வாகர், ஃபிளான்ட் என்று போகிறது. எல்லாவற்றுக்கும் எதிரே தமிழில் 'விளையாடு', இல்லாவிட்டால் 'பெருமை அடி', அவ்வளவுதான். ப்ளே, என்ஜாய், ஷோ ஆஃப் மூன்றும் தெரிந்தால் போதாதா? நான் சிப்காட்டில் வேலை பார்க்கிறேன், தினமும் வெளிநாட்டுக்கு மெயில் போடுகிறேன், இதில் ஒன்றைக்கூட எழுதவேண்டி வந்ததில்லை.

லாஸ்பேட்டை டீச்சர்:
எழுத வேண்டாம் சார், படித்தால் புரிய வேண்டுமே. ஆங்கிலப் பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தை எடுங்கள், ஓர் அணி அலட்டிக்காமல் ஜெயித்தால் 'ரோம்ப்டு டு விக்டரி' என்று போடுவான். பேட்ஸ்மேன் பௌலரை வைத்து விளையாடினால் 'டாய்ட் வித்'. உங்கள் பையன் கிரிக்கெட் பார்க்கிறவன்தானே? கோளாறு சொற்களில் இல்லை, அந்தத் தாளில்தான். கவோர்ட் என்றால் கும்மாளம் போட்டுக் குதித்து ஆடுவது. கேம்பல் என்றால் ஆட்டுக்குட்டி துள்ளிக் குதிப்பது. ஸ்ட்ரட் என்றால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பது. ஃபிளான்ட்டுக்குப் பின்னால் ஒரு பொருள் கட்டாயம் வேண்டும், நகையை, பைக்கை, பணத்தை என்று. ஷோ ஆஃப் பொருளோடும் வரும், சும்மாவும் வரும். இதையெல்லாம் 'பெருமை அடி' என்று ஒரே மூட்டையில் கட்டிக் கொடுத்தவரைத்தான் கேட்க வேண்டும்.

ஓ.டி. (கடலூர் ஓல்டு டவுன்) அண்ணன்:
டீச்சர் சொல்வது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாதி தெரிந்து எடுத்துவிட்டால் மானம் போய்விடும். லண்டன் டேப்ளாய்டு பத்திரிகையில் ரோம்ப் என்று தலைப்பு வந்தால் அது படுக்கையறைச் சமாச்சாரம். கல்யாணமானவர் 'ப்ளேயிங் அரவுண்ட்' என்றால் வெளியே தொடர்பு வைத்திருக்கிறார் என்று அர்த்தம், 'ஃபூலிங் அரவுண்ட்' கதையும் பல நேரம் அதுதான். இது எதுவும் அந்தத் தாளில் இருக்காது.

முதலில் நம் ஆட்கள் தினமும் செய்கிற தப்பைத் திருத்துங்கள். டூர் போய்விட்டு வந்து 'வீ என்ஜாய்ட் வெல்' என்று எழுதுகிறார்கள். என்ஜாய்க்குப் பின்னால் டூரைப் போடு, சாப்பாட்டைப் போடு, ஒன்றும் இல்லாவிட்டால் 'அவர்செல்வ்ஸ்' போடு. அப்புறம் 'ப்ளே யோகா', 'ப்ளே ஸ்விம்மிங்'. யோகாவுக்கு டூ, ஸ்விம்மிங்குக்கு கோ, கிரிக்கெட்டுக்குத்தான் ப்ளே. இது மூன்றும் வராத பிள்ளைக்குக் கவோர்ட் எதற்கு, நான் அப்பா பக்கம்தான்.

சொல்தா (பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர்) பேரன்:
என்ஜாய் விஷயத்தில் புதுச்சேரியில் பிரெஞ்சு படித்த பிள்ளைகள் தப்பித்துவிடுவார்கள் அண்ணே. பிரெஞ்சில் ஜாலியாக இருப்பதற்கு 'ஸாம்யூஸே', அந்த முதல் 'ஸ'விலேயே 'தன்னை' என்பது உட்கார்ந்திருக்கிறது. பெத்தாங் என்கிற இரும்புக் குண்டு ஆட்டம் ஆடினால் 'ஜுவே ஆ', கிதார் வாசித்தால் 'ஜுவே தெ', இரண்டும் தனித்தனி. ஆங்கிலம் இரண்டையும் வெறும் ப்ளேயில் அடக்கிவிட்டது.

இன்னொன்று, அம்யூஸ் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனதுதான். 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அதற்கு ஏமாற்றுவது, கவனத்தைத் திருப்புவது என்ற பொருளும் இருந்தது. தளபதி எதிரியை அம்யூஸ் செய்தான் என்றால் சிரிக்க வைத்தான் என்று இல்லை, போக்குக் காட்டினான். இப்படிக் கதையோடு சொன்னால் எந்தப் பிள்ளையும் மறக்காது. மனப்பாடத்தில் எனக்கும் நம்பிக்கை கிடையாது.

லாஸ்பேட்டை டீச்சர்:
அண்ணே, ஞாயிற்றுக்கிழமை உங்கள் கடலூர் சில்வர் பீச்சில் போய் நில்லுங்கள். பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அலை வந்தால் கத்திக்கொண்டே பின்னால் ஓடி, அது திரும்பும்போது கூடவே இறங்கி, பாட்டி உட்பட மொத்தக் குடும்பமும் கால் நனைக்கும். நம் பிள்ளைகள் அதை 'ப்ளேயிங் இன் தி வாட்டர்' என்று எழுதுவார்கள். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அதற்கென்றே பேடில் என்று ஒரு சொல் இருக்கிறது. இதைக் கற்றுக்கொடுப்பதில் என்ன நஷ்டம்?

ஓ.டி. அண்ணன்:
நஷ்டம் அமெரிக்காவில் இருக்கிறது டீச்சர். அங்கே இதற்கு வேட் என்பார்கள். 'ஐ பேடில்டு மை சன் அட் தி பீச்' என்று அங்கே இருக்கிற சித்தப்பாவுக்கு எழுதினால், பலகையால் பிள்ளையின் பின்புறத்தில் நாலு போட்டதாக எடுத்துக்கொள்வார்.

லாஸ்பேட்டை டீச்சர்:
'மை சன் பேடில்டு' என்று எழுதினால் யாருக்கும் அடி விழாது அண்ணே. அதற்குத்தான் சொல்லை வாக்கியத்தோடு கொடுக்கச் சொல்கிறேன். பந்தா காட்டுவதில் நம்மிடமே எத்தனை தினுசு இருக்கிறது? பீத்திக்கொள்வது வாயால், அது பிராக். மினுக்குவது உடுப்பால், ஜோடனையால், அதற்குக் கிட்டத்தட்ட ப்ரீன். தோரணையாக நடந்துபோனால் ஸ்வாகர். பிள்ளைக்கு இந்த வித்தியாசம் தமிழில் ஏற்கெனவே தெரியும், அதன்மேல் ஏற்றிவிட வேண்டியதுதான்.

மஞ்சக்குப்பம் அப்பா:
சரி, பேடில் எனக்கே பிடித்திருக்கிறது. ஆனால் கவோர்ட்டை வெள்ளிக்கிழமைக்குள் திணிக்கப் போவதில்லை, மார்க் குறைந்தால் நான் போய்ப் பேசிக்கொள்கிறேன். ஃபிளான்ட்டையும் ஃபிளவுட்டையும் பையன் மாற்றி மாற்றிச் சொல்கிறான், அதை மட்டும் தெளிவாக்குங்கள் டீச்சர்.

லாஸ்பேட்டை டீச்சர்:
அதை இங்கிலீஷ்காரர்களே மாற்றி எழுதுவார்கள், பையனைத் திட்டாதீர்கள். ஹெல்மெட் போடாமல் வண்டி ஓட்டினால் சட்டத்தை ஃபிளவுட் செய்கிறான். புது ஹெல்மெட்டை நாலு பேர் பார்க்கட்டும் என்று கையில் ஆட்டிக்கொண்டு வந்தால் அதை ஃபிளான்ட் செய்கிறான்.

ஓ.டி. அண்ணன்:
ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்க் மேலே மாட்டிக்கொண்டு போகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு இந்த உதாரணமா டீச்சர்? பையன் இரண்டையும் ஒரே ஆளிடம் பார்ப்பான்.