புதுப்பிப்பு: அக்காவின் மூச்சிரைப்புக்குக் காரணம் அல்காபா, அறுவை சிகிச்சை முடிந்தது

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. புதிதாகப் படிப்பவர்களுக்கு: நாற்பதை நெருங்கும் என் அக்காவுக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சிரைத்தது. எக்கோவில் (இதய ஸ்கேன்) மைட்ரல் வால்வுக் கசிவு, அதாவது இதயத்தின் இடது அறைகளுக்கு நடுவே உள்ள வால்வு சரியாக மூடவில்லை. சாதாரண ஆஞ்சியோவில், இதயத்தசைக்கு ரத்தம் தரும் இடது இதயத் தமனி தொடங்கும் இடமே அகப்படவில்லை. ஏன் என்று கேட்டிருந்தேன்.

விடை தந்தது, "சிடி கொரோனரி ஆஞ்சியோ எடுங்கள்" (இதயத் தமனிகளை சிடி ஸ்கேனில் பார்ப்பது) என்ற யோசனைதான். துடிப்பைக் குறைக்க மாத்திரை கொடுத்து எடுத்தார்கள். இடது தமனி மகாதமனியில் (இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் போகும் பெரிய குழாய்) தொடங்காமல் நுரையீரல் தமனியில் தொடங்குகிறது. இந்தப் பிறவிக் குறைதான் அல்காபா (ALCAPA). 1933-இல் இதை விவரித்த மூவர் பெயரால் பிளாண்ட்-ஒயிட்-கார்லண்ட் நோய் என்றும் சொல்வார்கள். சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் முதல் வயதைத் தாண்டுவதில்லை. அக்காவைக் காப்பாற்றியது வலது தமனியிலிருந்து இடப்பக்கம் வளர்ந்த கிளைக்குழாய்கள். ஆனால் அந்த ரத்தத்தில் ஒரு பகுதி, இதயத்தசைக்குப் போகாமல், அழுத்தம் குறைந்த நுரையீரல் தமனிக்குள் வடிந்துகொண்டே இருந்திருக்கிறது. பாவம், எத்தனை வருடம் "உடம்பைக் குறை" என்றே கேட்டிருப்பாள்!

தமனியைப் பிரித்து மகாதமனியில் பொருத்திவிட்டார்கள். பெரியவர்களுக்கு அது முடியாதபோது, தவறான திறப்பை மூடி பைபாஸ் செய்வார்களாம்.

எதிர்பாராதது இரண்டு. செய்தவர் குழந்தைகளின் பிறவி இதயக் குறைகளைப் பார்க்கும் சர்ஜன். அப்புறம், வால்வைத் தொடவே இல்லை. தசைக்கு ரத்தம் கிடைத்ததும் கசிவு தானாகவே குறைந்திருக்கிறது. எல்லோருக்கும் அப்படி ஆகாது என்றார் டாக்டர். மாத்திரையும் எக்கோ பரிசோதனையும் தொடர்கின்றன.